கவுனுக்குள் கர்லாக்கட்டை

இந்த வார எபிசோடு ஒரு ஒயிட்போர்டு மார்க்கரில் ஆரம்பிக்கிறது.

நான் பிரேசிலியன் ஜூஜூட்சு கத்துக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இதைப் பழைய எபிசோடுகளில் உங்களுக்குச் சலிக்கிற அளவுக்குச் சொல்லியிருக்கேன். பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கோடு எழுதுகிற ஆளுக்கு, சாயங்காலம் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் புரண்டு, கையைப் பூட்டுப் போட்டு, எதிராளியைத் தட்ட வைக்கிற விளையாட்டு ஒரு மருந்து மாதிரி. போன மாசம் என் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கு ராத்திரி ஷிஃப்ட். கேப் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு முந்நூறு மீட்டர் நடக்கணும். அந்தத் தெருவில் பாதி விளக்கு எரியாது.

"அண்ணா, நானும் உன் கிளாஸ்ல சேரட்டுமா? எனக்கு மெடல் எல்லாம் வேணாம். எவனாவது கத்தி வச்சிருந்தா இது வேலை செய்யுமா? மூணு பேர் சேர்ந்து வந்தா?"

நான் யோசிக்காமல் "கண்டிப்பா செய்யும்"னு சொல்லிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் இதை எங்க கோச்சிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேசவும் இல்லை. உள்ளே போய் ஒரு சிவப்பு மார்க்கரை எடுத்துட்டு வந்து இன்னொரு பையன் கையில் கொடுத்தார். "இதுதான் கத்தி. நீ வெள்ளை டீஷர்ட் போட்டிருக்கியா? நல்லது." அந்தப் பையன் எனக்கு ஜூனியர், என்னைவிட எடை குறைவு. நான் உள்ளே புகுந்தேன், இடுப்பைப் பிடிச்சேன், கீழே போட்டேன், மேலே ஏறி உட்கார்ந்தேன். மொத்தமே பத்துப் பதினஞ்சு விநாடி. வழக்கமா இது எனக்கு வெற்றி. கோச் என்னை எழுந்து கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். விலாவில் நாலு கோடு, முதுகில் ரெண்டு, கழுத்தில் ஒண்ணு.

அடுத்து ரெண்டு பேர். ஒருத்தனை நான் அழகா மடக்கிப் பிடிச்சிருந்தபோது இன்னொருத்தன் பின்னாலிருந்து வந்து ஸ்பாஞ்ச் குச்சியால் என் மண்டையில் மெதுவா தட்டிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தட்டும் நிஜத்தில் என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நான் பிடிச்ச பிடியை விடவும் மனசில்லை, எழுந்திரிக்கவும் முடியவில்லை. உடும்புப்பிடின்னு பெருமையா சொல்றோம் இல்லையா? அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சது. நான் ஒருத்தனைக் கட்டிப் போடும்போது அவனும் என்னைக் கட்டிப் போட்டிருக்கிறான்.

அப்போ ரெண்டு வருஷம் கத்துக்கிட்டது வீணா? இந்தக் கடுப்பில்தான் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன். கத்தியோடும் கும்பலோடும் பிடி சண்டையை நிஜமாகவே மோதிப் பார்த்தவர்கள் யார்? போட்டியிலோ சினிமாவிலோ இல்லை, நிஜத்தில். தேடிப் போனால் நூறு வருஷத்துக்கு முந்தைய லண்டனில் நீள கவுன் போட்ட பெண்கள் ஒரு கூட்டமாக நிற்கிறார்கள். ஆனால் அவர்களிடம் போவதற்கு முன்னால் ரெண்டு இடத்தில் நின்றுவிட்டுப் போக வேண்டும்.

முதல் இடம் ஜப்பான். ஜூஜூட்சுவில் ரொம்பப் பழைய பள்ளிகளில் ஒன்று தக்கெனோஉச்சி ரியூ. தொடங்கியது 1532இல். நாம இன்னைக்கு ஜூஜூட்சுன்னா 'வெறுங்கை' என்று நினைக்கிறோம். இந்தப் பள்ளியின் மையப்பாடம் குட்டை வாளோடு நெருங்கிப் பிடிப்பது. காரணம் எளிது. போர்க்களத்தில் கவசம் போட்டவனை வெறுங்கையால் குத்தினால் உடைவது உங்கள் கைதான். அவனைப் பிடித்து, நிலைகுலைய வைத்து, கவசத்தின் இடுக்கில் சின்ன ஆயுதத்தைச் செருக வேண்டும். எதிராளி இடுப்பிலும் ஒரு வாள் இருக்கும். அதை உருவ விடாமல் தடுப்பதே பாதி வித்தை. எங்க ஆபீஸ் பாஷையில் சொன்னா, ஆயுதம் என்பது பிற்பாடு சேர்த்த ஃபீச்சர் இல்லை. ஒரிஜினல் ரிக்வயர்மென்ட்டே அதுதான்.

ரெண்டாவது இடம் ஆம்ஸ்டர்டாம். 1674இல் அங்கே ஒரு மல்யுத்தப் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் நிக்கோலாஸ் பெட்டர், ஒயின் வியாபாரி. புத்தகம் அச்சாவதற்கு முன்பே இறந்துபோனார். படங்களை வரைந்தவர் ரொமெய்ன் டி ஹூக். அந்தக் காலத்து டச்சு ஓவியர்களில் பெரிய பெயர். மொத்தம் 71 படங்கள். கோவணம் கட்டிய பயில்வான்களை எதிர்பார்த்துத்தான் நான் திறந்தேன். இருந்ததோ தொளதொள கால்சட்டையும் பட்டன் வச்ச கோட்டும் போட்ட சாதாரண நகரத்து ஆட்கள். ஒருத்தன் இன்னொருத்தன் சட்டையைப் பிடிக்கிறான், தள்ளுகிறான், முஷ்டியை ஓங்குகிறான். பின்பகுதியில் கத்தியை உருவுகிறான். பதில் பெரும்பாலும் கத்தி இருக்கிற கையின் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆளைத் தரையில் போடுவது அதற்குப் பிறகுதான். நான் மார்க்கரோடு செய்தது அப்படியே தலைகீழ்: ஆளைப் பிடித்தேன், கையை மறந்தேன்.

சரி, இவ்வளவு நல்லா தெரிஞ்சிருந்த விஷயம் என் கிளாஸ் வரைக்கும் ஏன் வந்து சேரவில்லை?

ஜப்பானில் 1876இல் பொது இடத்தில் வாள் கட்டிக்கொண்டு நடப்பதை அரசாங்கம் தடை செய்தது. ஆறு வருஷம் கழித்து, 1882இல், கானோ ஜிகோரோ என்ற இளைஞர் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு பாய்களை விரித்து ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் கோடோகன், ஜூடோவின் தாய்வீடு. கானோ செய்த பெரிய மாற்றம், ஆளை முடமாக்குகிற உத்திகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தை முழு பலத்தோடு தினமும் மோதிப் பழகலாம் என்றாக்கியது. இது ஜீனியஸ் ஐடியா. எதிர்க்கிற உடம்பின் மேல் தினமும் சோதித்துப் பார்க்கிற உத்திதான் தேறும். ஆனால் முழு பலத்தோடு மோதணும்னா கத்தியை வெளியே வைக்கணும், ஆளை ஒருத்தனாகக் குறைக்கணும், தரையில் பாய் போடணும். கானோ ஆயுதத்தை முழுசா மறக்கவும் இல்லை. கிமே நோ கட்டா என்று இருபது உத்திகள் கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. அதில் குத்துவாளும் வாளும் வரும். முதல் எட்டு உத்திகள் ரெண்டு பேரும் மண்டியிட்டு உட்கார்ந்தபடி. வீட்டுக்குள் பாயில் உட்கார்கிற ஊரில் தாக்குதலும் உட்கார்ந்தே வரும் இல்லையா? 1956இல் கோடோகன் சேர்த்த தற்காப்பு வரிசையில் 21 உத்திகள். அவற்றில் ஒன்பது கத்தி, குச்சி, துப்பாக்கிக்கு எதிரானவை. ஆனால் இவை எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துச் செய்யும் வரிசைகள். போட்டிக்கு வராத பாடத்தை எத்தனை பேர் படிப்போம்? நமக்குத் தெரியாததா!

அந்த ஜூடோவின் ஒரு கிளை 1914இல் பிரேசில் போய், அங்கே தரைச் சண்டையாக வளர்ந்து, 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சியில் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைத் தோற்கடித்ததும் உலகம் முழுக்கப் பரவியது. கூண்டுக்குள் ஒருத்தனுக்கு ஒருத்தன், வெறுங்கை. அந்தக் கூண்டின் விதிகளுக்கு அது சரியான விடை. அந்த விடையைத்தான் நான் என் தங்கச்சியின் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போகப் பார்த்தேன்.

இப்போ லண்டன்.

இந்தக் கதையில் முதலில் வருகிறவர் ஒரு எஞ்சினியர். அதுவும் நம்ம பக்கத்து ஊர்க்காரர். எட்வர்ட் வில்லியம் பார்ட்டன்-ரைட் பிறந்தது 1860இல், பெங்களூரில். அப்பா ரயில்வே எஞ்சினியர், இவரும் அதே தொழில். வேலைக்காக ஜப்பானின் கோபே நகரத்தில் இருந்தபோது ஜூஜூட்சு கற்றுக்கொண்டு, 1898 வாக்கில் இங்கிலாந்து திரும்பினார். வந்தவர் தன் பெயரையும் ஜூஜூட்சுவையும் ஒட்டுப்போட்டு 'பார்ட்டிட்சு' என்று புதுசா ஒரு கலையை அறிவித்தார். ஷெர்லாக் ஹோம்ஸ் அருவியில் விழாமல் தப்பித்தது எந்த வித்தையால் என்று கோனன் டாயில் 1903இல் எழுதினாரே, அந்த 'பாரிட்சு' இதுதான், ஒரு எழுத்து குறைந்துபோய்.

பெயர் காமெடியா இருந்தாலும், பார்ட்டன்-ரைட் யோசித்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் சண்டையைத் தூரத்தை வைத்து அடுக்கினார். தூரத்தில் கைத்தடி, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பியேர் விக்னி என்பவர் அதைச் சொல்லிக்கொடுத்தார். அதற்குள் எதிராளி வந்துவிட்டால் உதை, குத்து. அதையும் தாண்டி உங்கள் சட்டையைப் பிடித்துவிட்டால் அப்போதுதான் ஜூஜூட்சு. அதாவது பிடி சண்டை கடைசி அடுக்கு, மத்ததெல்லாம் ஃபெயில் ஆனபிறகு ஓடுகிற கோடு. அவருடைய கிளப் 1902லேயே மூடிவிட்டது. மனுஷன் 1951இல் தொண்ணூறு வயதில் வறுமையில் இறந்தார். கல்லறைக்கு ஒரு பெயர்ப்பலகை கூட இல்லை. ஆனால் அவர் ஜப்பானிலிருந்து வரவழைத்த ஆசிரியர்களில் ஒருவரான சடகாசு உயெனிஷி லண்டனில் தங்கிப் பாடம் நடத்தினார். அங்கே வந்து சேர்ந்த தம்பதிதான் வில்லியம் காரட், ஈடித் காரட்.

ஈடித் காரட். பிறப்பு 1872. உயரம் நாலடி பதினோரு அங்குலம். நெட்ஃபிளிக்ஸில் 'எனோலா ஹோம்ஸ்' பார்த்தவங்களுக்கு, டீக்கடை மாடியில் பெண்களுக்கு ஜூஜூட்சு சொல்லித்தரும் ஈடித் ஞாபகம் இருக்கும். அந்தப் பாத்திரத்துக்கு விதை இவர்தான். உயெனிஷி 1908இல் நாடு திரும்பியபிறகு கணவர் பள்ளியை எடுத்து நடத்த, ஈடித் பெண்கள் வகுப்பைப் பார்த்துக்கொண்டார். அடுத்த வருஷமே எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் தலைமையில் ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சஃப்ரஜெட் பெண்களுக்கு முன்னால் ஜூஜூட்சு செய்துகாட்டினார். 1910 ஜூலையில் 'பஞ்ச்' பத்திரிகையில் ஒரு கார்ட்டூன் வந்தது. குட்டியாக ஒரு பெண் அமைதியா நிற்கிறாள். சுற்றிலும் போலீஸ்காரர்கள் வேலியில் தொங்குகிறார்கள், தரையில் கிடக்கிறார்கள், மிச்சம் பேர் பயந்து பின்வாங்குகிறார்கள்.

இந்தக் கார்ட்டூனைத்தான் இன்னைக்கும் இணையத்தில் பெருமையா ஷேர் பண்றோம். அதை அங்கேயே நிறுத்தினால் அது ஒரு தப்பான டெமோ. நிஜம் நாலே மாதத்தில் வந்தது.

1910 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. சுமார் 300 பெண்கள் நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். ஆறு மணி நேரம் போலீஸும் வேடிக்கை பார்க்க வந்த ஆண்களும் அவர்களைப் பந்தாடினார்கள். கைது செய்யாமல் தூக்கிக் கூட்டத்துக்குள் எறிவது, எழுந்து வந்தால் மறுபடி எறிவது. விரலை முறுக்கினார்கள், மார்பைத் திருகினார்கள். பின்னால் திரட்டப்பட்ட 135 வாக்குமூலங்களில் 29 பாலியல் வன்முறையைச் சொன்னவை. உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் பொது விசாரணைக்கு மறுத்துவிட்டார். 'கறுப்பு வெள்ளி' என்று அதற்குப் பெயர்.

அதற்குப் பிறகு ஜூஜூட்சு வகுப்பின் அர்த்தமே மாறியது. ஈடித்தின் பள்ளி ரீஜன்ட் தெருவுக்குப் பக்கத்தில் இருந்தது. கடைக் கண்ணாடிகளை உடைத்துவிட்டு ஓடிவரும் பெண்கள் மிச்சக் கற்களைப் பாய்க்கு அடியில் ஒளித்துவிட்டு, உடை மாற்றிப் பயிற்சி செய்வது மாதிரி நிற்பார்களாம். போலீஸ் வந்தால், "பெண்கள் வகுப்பு நடக்குது, இப்படியா உள்ளே வருவது?" என்று ஈடித் கடிந்துகொள்வாராம். இது அவரே பிற்காலத்தில் சொன்ன கதை. கொஞ்சம் மசாலா இருக்கலாம்; இருந்துவிட்டுப் போகட்டும்.

1913 ஏப்ரலில் ஒரு விசித்திரமான சட்டம் வந்தது. சிறையில் பெண்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்; வலுக்கட்டாயமாக உணவு புகட்டினால் நாடே திட்டியது. அதனால் அரசாங்கம், பட்டினியால் சோர்ந்தவர்களை வெளியே விடு, உடம்பு தேறியதும் மறுபடி பிடித்து உள்ளே போடு என்று சட்டம் போட்டது. மக்கள் அதற்கு 'பூனை எலிச் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள். இதன் விளைவு, பாங்க்ஹர்ஸ்ட் எந்தக் கூட்டத்தில் பேச வந்தாலும் அவரைப் பிடிக்க போலீஸ் காத்திருக்கும். பட்டினியால் நடக்கக்கூடத் தெம்பில்லாத, ஐம்பத்தைந்து வயது தாண்டிய ஒரு பெண்ணைப் பாதுகாக்க சுமார் முப்பது பெண்கள் கொண்ட ஒரு மெய்க்காப்புப் படை உருவானது. ஒருங்கிணைத்தவர் கெர்ட்ரூட் ஹார்டிங் என்ற கனடாக்காரர். ஈடித் காரட் பயிற்சியாளர். போலீஸுக்குத் தெரியாமல் இடம் மாற்றி மாற்றிப் பயிற்சி. விலாவைக் காக்க உடைக்குள் அட்டை. நீள கவுனுக்குள் மறைத்து ஒரு ஆயுதம்: இண்டியன் கிளப்.

அது என்னன்னு கேக்குறீங்களா? நம்ம கர்லாக்கட்டைதான்! இந்தியாவில் பயில்வான்களும் சிப்பாய்களும் சுற்றுவதைப் பார்த்த பிரிட்டிஷ் ராணுவத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை ஊருக்கு எடுத்துப் போனார்கள். அங்கே அது சின்னதாகி, இலேசாகி, பெண்கள் பள்ளிகளில் கூட உடற்பயிற்சிக் கருவியானது. கையில் வைத்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. லத்திக்குப் பதில் கர்லாக்கட்டை.

ஒன்றைக் கவனியுங்கள். ஜூஜூட்சு கற்றவர் என்று உலகத்துக்கே தெரிந்த பயிற்சியாளர் இருந்தும், அவர்கள் வெறுங்கையை நம்பவில்லை. அட்டை, கட்டை, ஆள்பலம் எல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். அது கூடவே இன்னொன்றும். அதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

1914 பிப்ரவரி 10, லண்டன், கேம்ப்டன் ஹில் சதுக்கம். ஒரு வீட்டுப் பால்கனியில் பாங்க்ஹர்ஸ்ட் தோன்றிப் பேசுகிறார். கீழே கூட்டம், கூட்டத்தில் போலீஸ். "இதோ கீழே இறங்கி வருகிறேன்" என்கிற மாதிரி சவால் விடுகிறார். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கிறது. முகத்திரை போட்ட பெண்மணி, சுற்றிலும் மெய்க்காப்பாளர்கள். போலீஸ் பாய்கிறது, கர்லாக்கட்டை சுழல்கிறது, லத்தி இறங்குகிறது. கடைசியில் அந்தப் பெண்ணை அடித்து மயக்கமாக்கி, வெற்றிக் களிப்போடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் திரையை விலக்கிப் பார்த்தால் அது ஃப்ளோரன்ஸ் ஈவ்லின் ஸ்மித் என்ற வேறொரு பெண். பாங்க்ஹர்ஸ்ட் அதற்குள் எங்கோ போய்விட்டார்.

இதை ஜெயிச்ச சண்டைன்னு சொல்லலாமா? அடிவாங்கியது இவர்கள்தான். ஆனால் சண்டையின் நோக்கம் போலீஸை வீழ்த்துவது இல்லை. ஒரு ஆள் வீடு போய்ச் சேரணும், அவ்வளவுதான். பிடிக்கு எதிரான பிடி அங்கே செய்த வேலை, எதிராளியின் கையைக் கொஞ்ச நேரம் வேறு இடத்தில் கட்டிப் போட்டது.

ஒரு மாசம் கழித்து, மார்ச் 9, கிளாஸ்கோவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் அரங்கம். மெய்க்காப்புப் படை லண்டனிலிருந்து இரவு ரயிலில் நாடகக் குழு மாதிரி வேஷம் போட்டுப் போய்ச் சேர்ந்தது. மேடையைச் சுற்றிப் பூத்தோரணம், தோரணத்துக்குள் முள்கம்பி. வெளியே போலீஸ் எல்லா வாசலையும் காவல் காக்க, பாங்க்ஹர்ஸ்ட் டிக்கெட் வாங்கிக்கொண்டு சாதாரணப் பார்வையாளர் மாதிரி நேராக உள்ளே வந்துவிட்டார். ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்க அவர் பேசத் தொடங்கியதும் போலீஸ் மேடையை நோக்கிப் புகுந்தது. ஏறியவர்கள் கையில் முள்கம்பி. மேலிருந்து பூந்தொட்டியும் நாற்காலியும் பறந்தன. கட்டையும் லத்தியும் மோதின. ஜேனி ஆலன் என்ற பெண் வெற்றுத்தோட்டா போட்ட கைத்துப்பாக்கியைச் சுட்டுச் சில போலீஸ்காரர்களைத் திடுக்கிட வைத்தார். சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்தது. பாங்க்ஹர்ஸ்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முள்கம்பி, கட்டை, துப்பாக்கிச் சத்தம், மாசக்கணக்கான பயிற்சி எல்லாம் இருந்தும் தோற்றார்கள். மேடைக்கு மேல் ஏறிவந்த லத்திக் கூட்டத்துக்கு முன்னால், ஒருத்தரைப் பிடித்துச் சாய்க்கிற நேரத்தில் அடுத்த மூன்று பேர் வந்துவிடுவார்கள். என் தலையில் தட்டிய ஸ்பாஞ்ச் குச்சிதான் ஞாபகம் வந்தது.

அப்போ ஈடித் காரட் சொல்லிக்கொடுத்தது எதுக்கு? இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். என் கணிப்பு இது. கைது என்பதே ஒரு பிடிதான். போலீஸ்காரர் அடித்துவிட்டுப் போய்விட முடியாது. உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயாக வேண்டும். மணிக்கட்டைப் பிடித்தால் உருவுவது, பின்னாலிருந்து கட்டினால் இடுப்பைத் தாழ்த்துவது, எறியப்பட்டால் மண்டை உடையாமல் விழுவது, விழுந்த வேகத்தில் எழுவது. கறுப்பு வெள்ளியில் அந்தப் பெண்களுக்கு நடந்ததற்கு நேரடி பதில் இவை. யாரையும் வீழ்த்த வேண்டிய அவசியமே இதில் இல்லை. இன்னொரு நேர்மையான வித்தியாசமும் உண்டு. அந்த லத்திகளுக்குக் கொல்கிற நோக்கம் இல்லை. தெருவில் வரும் கத்திக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. ஆக, அவர்களுக்கே தோல்வி தந்த இடத்தில், இதைவிட மோசமான சூழலில், எனக்கு மட்டும் எப்படி வெற்றி கிடைக்கும் என்று நினைத்தேன்?

1914 ஆகஸ்டில் போர் வந்ததும் போராட்டத்தை நிறுத்தினார்கள், படையும் கலைந்தது. முப்பது வயதைத் தாண்டிய பெண்களில் பலருக்கு 1918இல் ஓட்டு கிடைத்தது, ஆண்களுக்குச் சமமாக 1928இல். ஈடித் 1971இல் தொண்ணூற்றொன்பது வயதில் இறந்தார். லண்டன் இஸ்லிங்டனில் அவர் வாழ்ந்த வீட்டில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

இந்தக் கதையை அப்படியே தங்கச்சியிடம் சொன்னேன். முதலில், "கண்டிப்பா செய்யும்னு சொன்னது தப்பு" என்று ஒத்துக்கொண்டேன். அண்ணன்கள் அடிக்கடி செய்கிற காரியம் இல்லை அது. அவள் கேட்ட முதல் கேள்வி ஜூஜூட்சு பற்றியே இல்லை.

"அந்த முகத்திரை போட்ட பொண்ணு, அடி விழும்னு தெரிஞ்சேதான் வெளியில வந்தாளா?"

"தெரிஞ்சேதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், கேப் டிரைவரிடம் வீட்டு வாசல் வரைக்கும் வந்து இறக்கச் சொல்லி ஆபீஸில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். கூட வேலை செய்கிற ரெண்டு பெண்களும் அதே தெருப் பக்கம்தானாம். மூன்று பேரும் சேர்ந்து எழுதப் போகிறார்கள். தெருவிளக்குக்கு மாநகராட்சியில் புகார் கொடுக்கிற வேலை என் தலையில். ரெண்டு தடவை போட்டாச்சு, இன்னும் ரெண்டு விளக்குதான் எரிகிறது.

கிளாஸிலும் சேர்ந்திருக்கிறாள். கோச்சிடம் போய், "எனக்கு ஆளைப் போடுறதெல்லாம் அப்புறம். யாராவது பிடிச்சா உருவிட்டு ஓட மட்டும் சொல்லிக்கொடுங்க" என்று கேட்டிருக்கிறாள். அவர் முதல் ரெண்டு வாரம் விழுவதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது வாரம் மணிக்கட்டு. போன சனிக்கிழமை அவள் கையில் மார்க்கர் கொடுத்து என்னை எதிரில் நிற்க வைத்தார். இந்த முறை நான் இடுப்புக்குப் போகவில்லை, கையைத்தான் பார்த்தேன். மூணு கோடு. கழுத்தில் எதுவும் இல்லை. அவளோ அதோடு மார்க்கரைக் கீழே போட்டுவிட்டு வாசல் வரைக்கும் ஓடிப்போய் நின்றுகொண்டு, "இப்போ பிடி பாப்போம்" என்றாள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.